லாலி ரோட்டுத் தோட்டத்தில் என்னவெல்லாம் விளைந்தது, தெரியுங்களா?

கோயம்புத்தூர் லாலி ரோடு சிக்னலில் ஒரு பக்கம் பேக்கரியும் ஹாரன் சத்தமும். மறுபக்கம் மதிலுக்குள் மரமும் மயிலும். வடவள்ளி, பி.என். புதூர்க்காரர்களுக்கு அது தாவரவியல் பூங்கா. காலாற நடக்கலாம், பிள்ளைகளை ஓட விடலாம், மலர்க் கண்காட்சி வந்தால் கூட்டத்தில் முண்டியடிக்கலாம். அந்தப் பூங்கா ஒரு பழைய பண்ணையின் ஓரம் மட்டும்தான் என்பது தெரியுமா? நூறு வருடத்துக்கு மேல் உழவு நிற்காத பண்ணை! நாலு பக்கமும் வீடும் கடையும் வந்து சூழ்ந்துகொண்ட பிறகும் உள்ளே இன்னும் நாற்று நடுகிறார்கள், களை எடுக்கிறார்கள், கதிர் அறுக்கிறார்கள்.

இந்தப் பண்ணைக்கு ஓர் அண்ணன் உண்டு, அவர் சென்னைக்காரர். 1860களில் மதராஸ் ஆளுநராக இருந்த சர் வில்லியம் டெனிசன், இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை வரை தருவித்துச் சைதாப்பேட்டையில் மாதிரிப் பண்ணை போட வைத்தார். நம் காளைகளுக்குப் போட்டியாக நீராவி! 1868இல் அங்கே வேளாண் பள்ளி வந்தது. 1906இல் அந்தப் படிப்பு மொத்தமும் மூட்டை கட்டிக்கொண்டு கோவைக்கு வந்து சேர்ந்தது. அப்போதைய ஆளுநர் சர் ஆர்தர் லாலி. ரோட்டின் பெயர் அவருடையதுதான். இன்று சைதாப்பேட்டையில் போய் வயலைத் தேடினால் மெட்ரோ ரயில்தான் கிடைக்கும். கோவைப் பண்ணை மட்டும் எப்படித் தப்பியது? வெறும் பூங்காவாகக் கிடந்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்திருக்கும் என்பது என் கணிப்பு. வருடம் தவறாமல் விதைத்ததுதான் அதைக் காப்பாற்றியிருக்கிறது.

அப்படி விதைத்ததில் ஓர் அதிசயம், 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை. ஒரு வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்தார்கள். ஒன்றுக்குத் தொழுவுரம் மட்டும். இன்னொன்றுக்குத் தழைச்சத்து மட்டும். வேறொன்றுக்குத் தழை, மணி, சாம்பல் என மூன்றும். ஒரே ஒரு பாத்திக்கு எதுவுமே கிடையாது! விதைத்து அறுப்பதோடு சரி. இன்று யூரியா, நாளைக்கு எரு என்று மாற்றும் பேச்சே இல்லை. எந்தப் பாத்திக்கு என்ன என்று எழுதினார்களோ, அதுதான் தலைமுறை தலைமுறையாக. ஆட்சி போனது, நாடு விடுதலை பெற்றது, 1971இல் கல்லூரி பல்கலைக்கழகமானது. பாத்திக் கணக்கு மாறவில்லை. 1925இல் பக்கத்துணையாக இன்னொரு சோதனை வயலும் தொடங்கினார்கள். வரப்பின் இந்தப் பக்கம் ஒரு பயிர், அந்தப் பக்கம் வேறொரு பயிர் போல நிற்கும்; விதை என்னவோ ஒன்றுதான். இப்படித் தலைமுறை தாண்டி நடக்கும் சோதனைகளில் மூத்தது இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1843இல் தொடங்கிய பிராட்பாக் கோதுமை வயல். அங்கே உரமே காணாத பாத்தி இன்றும் ஹெக்டேருக்குச் சுமார் ஒரு டன் கொடுக்கிறது!

சரி, சோற்றுக்கு வருவோம். 1912இல் இங்கே நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. நாட்டு நெல்லுக்கு நடுவே தன்னால் மாறி நின்ற ஒரு செடியைக் கண்டுபிடித்துப் பெருக்கி, 1921இல் ஜி.இ.பி. 24 என்று வெளியிட்டார்கள். சன்ன அரிசி, நல்ல சமையல். அதன் பிள்ளை டி.கே.எம். 6. அந்தப் பிள்ளை கடல் கடந்து பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், ஐ.ஆர். 20க்கும் ஐ.ஆர். 36க்கும் முன்னோர்களில் ஒன்றானது. ஐ.ஆர். 36, 1980களில் உலகம் முழுக்க 1 கோடி ஹெக்டேருக்கு மேல் விளைந்த நெல். வியட்நாம்காரர், இந்தோனேசியக்காரர் தட்டிலெல்லாம் நம்ம லாலி ரோட்டு ரத்தம்!

பருத்தியைச் சொல்லாமல் விட்டால் மில்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். இங்கிருந்து வந்த பருத்தி ரகங்களின் 'எம்.சி.யு.' என்பது மதராஸ், கம்போடியா, உகாண்டா மூன்றையும் சேர்த்துச் சொல்லும் பெயர். பயிர் இருந்தால் பூச்சியும் இருக்குமே! பூச்சிகளுக்கும் இங்கே தனி அருங்காட்சியகம் உண்டு, 2018இல் திறந்தது. பிள்ளைகளைக் கூட்டிப் போனால் திரும்பக் கூட்டி வருவதுதான் கஷ்டம்.

கரும்புக் கதைதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுவது. கரும்பு பூத்தால் விவசாயி முகம் சுளிப்பார், சத்து போய்விடும். அந்தப் பூவுக்காகவேதான் விஞ்ஞானிகள் கோவையைத் தேடி வந்தார்கள்! தோட்டத்தில் நாம் நடுவது கரணை, அதில் தாய் போலவேதான் பிள்ளை. புது ரகம் வேண்டுமென்றால் பூ பூத்து, பஞ்சு போல ஒட்டிக்கொண்டிருக்கும் பொடி விதை முளைக்க வேண்டும். வடநாட்டுக் குளிரில் அது சரிப்படாது. கோவையின் பகல் நீளமும் மிதமான வெயிலும் கரும்புக்குப் பிடித்துவிட்டன. 1912இல் பண்ணைக்குப் பக்கத்திலேயே கரும்பு இனப்பெருக்க நிலையம் எழுந்தது. அங்கே விஞ்ஞானிகள் சார்லஸ் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் என்ன செய்தார்கள் தெரியுமா? தடித்த வெள்ளைக் கரும்பையும், கோவை வட்டாரத்தில் யாரும் சீந்தாமல் கிடந்த பேய்க்கரும்பையும் இணை சேர்த்தார்கள். சர்க்கரை மிகக் குறைந்த நாணல்தான் அப்பா! 1918இல் வந்தது கோ 205. பஞ்சாபில் விளைச்சல் ஏறக்குறைய பாதிக்குப் பாதி கூடியது. ஜாவாச் சர்க்கரையை இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு தன் கரும்பில் நிற்கத் தொடங்கியது. 'கோ' என்றால் கோயம்புத்தூர். உத்தரப் பிரதேசத்தில் பெரும்பகுதி நிலத்தைப் பிடித்த கோ 0238 வரை அந்த முதலெழுத்து தொடர்கிறது. அந்த ஒரே ரகத்தை நம்பியதால் செவ்வழுகல் நோயில் வடக்கே பலர் அவதிப்பட்டதும் உண்மை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குக் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை போடும் நம் வட்டாரத்துக்கு இந்தப் பெருமை கொஞ்சம் கூடுதலாகவே இனிக்கலாம்.

1934 முதல் 1939 வரை அந்தக் கரும்பு நிலையத்தில் குரோமோசோம்களை எண்ணிக்கொண்டிருந்தவர் ஒரு பெண் என்பது தெரியுமா? தலச்சேரியில் 1897இல் பிறந்த ஜானகி அம்மாள், மிச்சிகனில் முனைவர் பட்டம் வாங்கி வந்தவர். கரும்பைச் சோளத்தோடும் மூங்கிலோடும்கூட இணை சேர்த்துப் பார்த்தவர்! 1939இல் எடின்பரோ மாநாட்டுக்குப் போனவரை உலகப்போர் இங்கிலாந்திலேயே நிறுத்தியது. அங்கே மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து அவர் எழுதிய பயிர்களின் குரோமோசோம் நூல் 1945இல் வந்தது. இங்கிலாந்தில் ஒரு மக்னோலியாப் பூவுக்கு அவர் பெயர். உலகக் கரும்பு இனங்களைச் சேர்த்து வளர்க்கும் பெரிய தொகுப்புகள் இரண்டே இரண்டு. ஒன்று அமெரிக்காவின் மயாமியில். இன்னொன்று கோவை நிலையத்தின் கிளையாகக் கேரளத்தில், ஜானகி அம்மாள் பிறந்த அதே கண்ணூர் மாவட்டத்தில்!