நடைவழிக்கு என்ன விலை? கல்வராயனுக்கு ஒரு வரவு செலவு

2024 அக்டோபர் 24 அன்று தமிழ்நாடு அரசு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியபோது அறிவித்த பாதைகள் 40, மாவட்டங்கள் 14. நீலகிரிக்கு 10, கோவைக்கு 7. சேலம், தேனி, திருநெல்வேலிக்குத் தலா 3. கன்னியாகுமரி, விருதுநகர், திண்டுக்கல், கிருஷ்ணகிரி, திருவள்ளூருக்குத் தலா 2. திருப்பூர், தென்காசி, மதுரை, திருப்பத்தூருக்குத் தலா 1. கூட்டினால் 40 சரியாக வரும். கள்ளக்குறிச்சிக்கு 0.

மலை இல்லாத மாவட்டம் என்றால் கேள்வியே இல்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் கல்வராயன் மலை இருக்கிறது. உளுந்தூர்பேட்டைப் பக்கத்துக் களமருதூரிலிருந்து ஒருவர் சேலம் பஸ் ஏறினால், சின்னசேலம் தாண்டியதும் வலப்பக்கம் கல்வராயன் கூடவே வருகிறது. சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. ரோடு வருமுன் கடுக்காயும் தேனும் புளியும் தலைச்சுமையாக இறங்கிய மலை அது. ஊருக்கு ஊர் ஒற்றையடிப் பாதைகள் இருந்தன. பலவற்றை இன்று உண்ணிச்செடி மூடிவிட்டது. அவற்றில் ஒன்றைத் திறக்க எவ்வளவு ஆகும், திறந்தபின் யார் கைக்கு எவ்வளவு வரும் என்பதே இந்தக் கணக்கு.

முன்கணக்கு: 1934

பாதை எப்படித் திறந்து எப்படி மூடுகிறது என்பதற்கு முதலில் வெளிநாட்டுக் கணக்கு ஒன்றைப் பார்த்துவிடலாம். அமெரிக்கப் பொருளாதாரப் பெருமந்தத்தின் உச்சத்தில், 1933இல், உழைப்பாளரில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த ஆண்டு அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய சி.சி.சி. என்ற இளைஞர் வேலைப்படை 1942 வரை நீடித்தது. மொத்தம் சுமார் 30 லட்சம் பேர் அதில் வேலை செய்தார்கள். ஒரு முகாமுக்கு ஏறத்தாழ 200 பேர். மாதச் சம்பளம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். நூற்றுக்கு 83 பங்கு குடும்பத்துக்கு, மீதி பையனுக்கு. சாப்பாடு, உடுப்பு, தங்கும் இடம் முகாமில் இலவசம்.

அவர்கள் மரம் நட்டார்கள், ரோடு போட்டார்கள், வடகிழக்கு மாநிலங்களில் பனிச்சறுக்குப் பாதைகளும் வெட்டினார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மிக உயர்ந்த கிரேலாக் மலையில் 1934இல் வெட்டிய 'தண்டர்போல்ட்' பாதை அதில் பேர்போனது. மலையின் உயரம் 3,491 அடி, நம் பெரிய கல்வராயனைவிடக் குறைவு. 1935இல் அங்கே முதல் பந்தயம் நடந்தது.

அந்தப் பாதைக்கு எமனும் 1934 ஜனவரியிலேயே பிறந்துவிட்டான். பக்கத்து வெர்மாண்டின் உட்ஸ்டாக்கில், ஆளைக் கயிற்றால் மேலே இழுத்துப்போகும் எந்திரம் அப்போதுதான் ஓடத் தொடங்கியது. அதுவரை சறுக்கி இறங்க விரும்புகிறவன் தானே ஏறியாக வேண்டும். எந்திரம் பரவியதும் ஏறி இறங்கும் பாதைகளுக்கு ஆள் குறைந்தது. ஆள் குறைந்ததும் காடு தன் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பிற்காலத்தில் ஆர்வலர்கள் பழைய வரைபடத்தையும் வானிலிருந்து எடுத்த படத்தையும் பார்த்து, ஒரே வயதுள்ள இளமரங்கள் நீள வரிசையாக நிற்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, அரிவாளும் ரம்பமுமாகப் பல பாதைகளை மீட்டார்கள். தண்டர்போல்ட்டில் 2010இல் மறுபடி பந்தயம் நடந்தது. முதல் பந்தயத்துக்கும் இதற்கும் 75 ஆண்டு இடைவெளி.

கல்வராயனில் பனி பெய்யாது. பாதை அழியும் விதம் மட்டும் ஒன்றுதான். அங்கே கயிறு செய்ததை இங்கே பஸ் ரோடு செய்தது. ரோடு வேண்டாம் என்று மலைக்காரர் யாரும் சொல்லமாட்டார். பிரசவ வலி வந்தவளைத் தூளி கட்டித் தூக்கிப்போன கதை அவருக்குத் தெரியும். ரோடு எட்டாத ஊர்களுக்கு இடையே நடைவழியும் மூடிக்கொள்வதுதான் நஷ்டம்.

அளவு

கணக்குக்கு ஒரு பாதை வேண்டும். 8 கிலோமீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். சுமையோடு எதிரெதிரே வரும் இருவர் ஒதுங்கிக்கொள்ள இவ்வளவு போதும். பரப்பு 9,600 சதுர மீட்டர், அதாவது 0.96 ஹெக்டேர். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் இது 16 சென்டிமீட்டர் நீளமுள்ள புள்ளிக்கோடு.

வேலை அளவு என் அனுமானம். காட்டைப் பொறுத்து ஏறும், இறங்கும்:

- புதர் வெட்டி வழி திறக்க, ஆளுக்கு நாளொன்றுக்கு 40 மீட்டர்: 200 ஆள் நாள்
- உண்ணிச்செடியை வேரோடு பிடுங்க, தரை சமன் செய்ய: 100 ஆள் நாள்
- 200 குறுக்குக் கல்வரிசை, ஒன்றுக்கு அரை நாள்: 100 ஆள் நாள்
- மொத்தம்: 400 ஆள் நாள்

இதில் மூன்றாவது வரியைத்தான் முதலில் வெட்டிவிடத் தோன்றும். ஆனால் பாதையின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. மலையில் பாதை என்பது மழைத்தண்ணீருக்குக் கிடைத்த ஓசி வாய்க்கால். சரிவில் தடையில்லாமல் ஓடினாலே தண்ணீருக்கு வேகம் வந்துவிடும். மண்ணை அரித்து நடுவில் பள்ளம் பறிக்கும். நடப்பவர் பள்ளத்தை விட்டு ஓரத்தில் நடப்பார். அடுத்த மழையில் ஓரமும் போகும். அதனால் பாதைக்குக் குறுக்கே, நேராக இல்லாமல் பள்ளத்தாக்குப் பக்கம் கொஞ்சம் சாய்த்து, கற்களை ஒன்றோடொன்று முட்டவைத்துப் பதிக்க வேண்டும். கல்லில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். மேலே தெரிவது நாலு விரற்கடை. தண்ணீர் அதில் முட்டி வெளியே திரும்பிவிடும். கடப்பாரையும் மண்வெட்டியும் இரண்டு ஆளும் இருந்தால் கால் நாளில் ஒன்று முடியும்.

கூலி: நான்கு காலம்

இதே 400 ஆள் நாளுக்கு வெவ்வேறு காலத்துக் கூலியைப் போட்டுப் பார்க்கலாம்.

*1877, சென்னை மாகாணம்.* தாது வருஷப் பஞ்சம். சர் ரிச்சர்டு டெம்பிள் குறைத்து நிர்ணயித்த நிவாரணக் கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். 400 அணா என்றால் 25 ரூபாய். தானியம் 181 கிலோ. கடும் வேலை செய்கிறவனின் உடம்பு இதில் தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் 8 கிலோமீட்டர்க் கால்வாய் இந்தப் பஞ்சத்தின் நிவாரண வேலைதான். நம் பாதையின் நீளமும் அதே 8.

*1933, அமெரிக்கா.* நாளுக்கு ஒரு டாலர் வீதம் 400 டாலர். 200 பேர் கொண்ட ஒரு முகாமுக்கு இது இரண்டு நாள் வேலை.

*1976க்கு முன், கல்வராயன்.* மலை மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. அவர்கள் நிலத்தில் மலைமக்கள் செய்த வேலைக்குக் கூலி 0. வெட்டி வேலை. 1976இல்தான் மலை அரசின் கைக்கு வந்தது.

*2025-26, தமிழ்நாடு.* நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 336 ரூபாய். 400 ஆள் நாளுக்கு 1,34,400 ரூபாய். கருவி, மேற்பார்வை, சாப்பாடு இதில் சேரவில்லை; கல் மலையிலேயே கிடைக்கும். அந்த ஆண்டின் விதிப்படி நாலு குடும்பத்தின் நூறு நாள் உரிமைதான் இந்தப் பாதை.

சட்டத்தின் அளவுகோல்

காட்டுக்குள் யார் வேண்டுமானாலும் பாதை வெட்டிவிட முடியாது. 2007இல் வெர்மாண்டின் ஜே மாநில வனத்தில் அனுமதியில்லாமல் சறுக்குப் பாதை வெட்டிய இருவர் வழக்கில் சிக்கினார்கள். இங்கே 2006 வன உரிமைச் சட்டம் 13 வகைப் பொது வசதிகளுக்கு வனநிலத்தைத் தர வழி வைத்திருக்கிறது. சாலை அதில் ஒன்று. நிபந்தனை மூன்று: ஒவ்வொரு வேலைக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குள், வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75க்கு மிகாமல், கிராமசபையின் பரிந்துரை.

6 மீட்டர் அகல ரோடு போட்டால் ஒரு ஹெக்டேர் 1,667 மீட்டரில் தீர்ந்துவிடும். 1.2 மீட்டர் நடைவழி போட்டால் 8,333 மீட்டர் வரை போகும். நம் 8 கிலோமீட்டர் உள்ளே அடங்குகிறது. மரம் ஒன்றுகூட விழ வேண்டியதில்லை, வளைந்து போகலாம். ஒன்றை மறக்கக் கூடாது. அந்தச் சலுகை ஊரார் வசதிக்கானது, உல்லாசப் பயணிக்கானது அல்ல. பாதை ஊரையும் ஊரையும் இணைக்க வேண்டும். வெளியூர்க்காரர் அதில் நடப்பது அடுத்த கட்டம்.

பராமரிப்பு

வருஷத்துக்கு இரண்டு முறை, ஆளுக்கு நாளொன்றுக்கு 100 மீட்டர் வீதம் துளிர்த்த புதரை அரிந்து, கல்வரிசையில் சேர்ந்த மண்ணை வாரினால் 160 ஆள் நாள். செலவு 53,760 ரூபாய். இதே 2025-26 கூலியிலேயே பத்து வருஷக் கணக்கு:

- முதல் ஆண்டு திறப்பு: ரூ.1,34,400
- அடுத்த 9 ஆண்டுப் பராமரிப்பு: ரூ.4,83,840
- மொத்தம்: ரூ.6,18,240

திறப்புச் செலவு நூற்றுக்கு 22, காப்பாற்றும் செலவு 78. திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட ஆள் வருவார். அந்த 78க்கு ஆள் தேட வேண்டியிருக்கும். தண்டர்போல்ட் மறைந்ததற்கும் வெட்டியவர் வேலையில் குறை காரணமில்லை. பின்னால் வந்த வருஷங்களுக்கு யாரும் பணமோ ஆளோ ஒதுக்கவில்லை.

வரவு

மலையேற்றத் திட்டத்தின் முதல் மூன்று மாதக் கணக்கை அரசு வெளியிட்டது. நடந்தவர்கள் 4,792 பேர், வசூல் 63.43 லட்சம், அதில் வழிகாட்டிகளாக வேலைசெய்த பழங்குடியினருக்குப் போனது 49.51 லட்சம். வகுத்துப் பார்த்தால் தலைக்கு 1,324 ரூபாய் வசூல், 1,033 ரூபாய் வழிகாட்டிக்கு. இங்கேயும் நூற்றுக்கு 78. மிச்சம் தலைக்கு 290 ரூபாய்.

அந்த 290ஐ முழுதும் பராமரிப்புக்கே கொடுத்தால் வருஷத்துக்கு 186 பேர் நடந்தால் போதும், பாதை தன் காலில் நிற்கும். நிர்வாகச் செலவுக்குப் பாதி போனால் 371 பேர் வேண்டும். கோடையில் காட்டுத்தீ காலம் என்று இரண்டு மாதம் பாதையை மூடிவைத்தால் மீதிப் பத்து மாதத்தில் மாதத்துக்கு 37 பேர். 40 பாதைகளின் சராசரியே முதல் மூன்று மாதத்தில் பாதைக்கு 120 பேர், அதாவது மாதம் 40. எட்டக்கூடிய எண்தான். 371 பேர் வந்தால் உள்ளூர் வழிகாட்டிகள் கைக்கு வருஷம் 3.83 லட்சம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நேர்ந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின் கல்வராயன் மக்களின் வாழ்நிலையை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து கையிலெடுத்தது. சாராய ஊறலை அழிப்பதோடு நிற்காமல் மாற்று வருமானம் என்று பேசுகிறவர்களுக்கு இந்த எண் உதவும்.

பற்று வரியில் ஒன்றை எழுதாமல் விடக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கி இறந்த மலையேறிகள் 23 பேர். தீ காலத்தில் மூடுவதால் போகும் வசூலை நஷ்டம் என்று எழுதுகிறவர் கணக்கு தெரியாதவர்.

மீதி

அரசுக்கு ஒரு தடவை 1.34 லட்சம், அடுத்து வருஷத்துக்கு 54 ஆயிரத்துக்குள். மலைக்கு வருஷம் 160 ஆள் நாள் கூலி வேலை, ஆள் வந்தால் வழிகாட்டிக் கூலி, வராவிட்டாலும் ஊருக்கு ஊர் போக ஒரு வழி. தமிழகத்தில் கிராமசபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒரு கூட்டத்தில், மூடிக்கிடக்கும் பாதை எது, அதில் கடைசியாக நடந்த பெரியவர் யார் என்று கேட்டு ஒரே ஒரு பாதையைத் தீர்மானத்தில் எழுதலாம். எழுதும்போது திறப்புக்கு 400 ஆள் நாள் என்று நிறுத்திவிடாமல், ஆண்டுதோறும் 160 என்ற இரண்டாவது வரியையும் சேர்த்தே எழுத வேண்டும். அந்த வரி இல்லாத தீர்மானத்துக்கு 1.34 லட்சம் கொடுப்பதும் கொடுக்காததும் ஒன்றுதான்.