முழங்கால் வலியும் முதுகு வலியும்: தாய்மார்களுக்கு உடற்பயிற்சியே முதல் மருந்து

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது ஆன்றோர் வாக்கு. அந்தச் செல்வம் குறையத் தொடங்குவதை நான் முதலில் காண்பது கோயிலில்தான். நேற்றுவரை சன்னிதியின் முன் தரையில் அமர்ந்து தேவாரம் பாடிய தாய்மார்கள், ஒருவர் பின் ஒருவராகப் பின்வரிசை நாற்காலிக்கு மாறுகிறார்கள். சில மாதங்களில் அந்த நாற்காலியும் காலியாகி விடுகிறது. வீட்டில் விசாரித்தால், "முட்டி வலிம்மா, நடக்க முடியல" என்றோ, "இடுப்பு பிடிச்சிக்கிச்சு, குனியவே பயமா இருக்கு" என்றோ பதில் வரும்.

பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். இம்மலரைப் படிக்கும் பக்தர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறேன். நாட்பட்ட முழங்கால் வலிக்கும் முதுகு வலிக்கும் ஓய்வு மருந்தன்று. அளவறிந்து செய்யும் உடற்பயிற்சியே முதல் மருந்து.

என் தாயார் கற்பித்த பாடம்

என் தாயார் சிலாங்கூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவியவர். விடியுமுன் பிரட்டுக்குப் போய், மேடு பள்ளம் ஏறி இறங்கி, பால் வாளி சுமந்து எங்களைப் படிக்க வைத்தார். ஐம்பத்தெட்டாவது வயதில் முழங்கால் வலி வந்தது. "எலும்பு தேஞ்சு போச்சு. இனிமே அதிகம் நடக்காதீங்க, படி ஏறாதீங்க" என்று அவரிடம் சொல்லப்பட்டது. பிள்ளைகளாகிய நாங்கள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம். தண்ணீர், சாப்பாடு எல்லாம் அவர் இருக்கும் இடத்துக்கே போயின. "நீங்க உட்காருங்கம்மா, நாங்க பார்த்துக்கிறோம்" என்பதே எங்கள் வீட்டில் அன்றாடப் பேச்சாயிற்று.

அப்போது நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மருத்துவமனையில் பிறருடைய தாய்மார்களை எழுப்பி நடக்க வைத்த நான், வீட்டில் வெறும் மகளாக இருந்துவிட்டேன். இரண்டே ஆண்டுகளில், கைகொடுத்துத் தூக்கினால்தான் அவர் எழுவார் என்ற நிலை வந்தது. "இந்த வருஷம் தைப்பூசத்துக்கு நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்டுல இருந்தே கும்பிட்டுக்கிறேன்" என்று அவர் சொன்ன அன்றுதான் எனக்கு உறைத்தது. அவரை முடக்கியது தேய்மானம் மட்டுமன்று, எங்கள் அன்பும்தான்.

பெண்களுக்கு ஏன் அதிகம்?

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ஆம் ஆண்டில் மூட்டுத் தேய்மானத்தால் அவதியுற்றோர் ஏறத்தாழ 52 கோடியே 80 இலட்சம் பேர். இவர்களில் 60 விழுக்காட்டினர் பெண்கள். மூட்டுகளில் மிகுதியாகப் பாதிக்கப்படுவது முழங்காலே. கீழ் முதுகு வலியோ 2020-இல் 61 கோடியே 90 இலட்சம் பேரிடம் இருந்தது. அதிலும் பெண்களே அதிகம்.

இதற்குக் காரணங்கள் பல. பெண்களுக்கு இயல்பாகவே தசையின் அளவு ஆண்களைவிடக் குறைவு. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் தசையும் மேலும் தளர்கின்றன. குந்தியும் மண்டியிட்டும் ஆண்டுக்கணக்கில் செய்த வேலை முழங்காலுக்குச் சுமையாகிறது. உடல் எடையும் சேர்ந்துகொள்கிறது. ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் எல்லாரையும் கவனிக்கும் தாய் தன்னைக் கவனிப்பது கடைசியில்தான்.

ஓய்வு ஏன் மருந்தாவதில்லை?

முழங்கால் மூட்டில் எலும்பின் முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் நீரிலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. பஞ்சை அழுத்தி விட்டால்தான் அது நீரை உறிஞ்சும். அதுபோல, நடந்து, மடக்கி, நீட்டினால்தான் குருத்தெலும்புக்கு ஊட்டம் சேரும். தொடையின் முன்பக்கத் தசையோ முழங்காலுக்குக் காவலன். காலடி விழும்போது ஏற்படும் அதிர்ச்சியைத் தாங்குவது அதுதான். முதுகெலும்புக்கு வயிறு, இடுப்பு, முதுகுத் தசைகள் அதே காவலைச் செய்கின்றன.

வலி வந்தால் அச்சம் வருகிறது. அச்சத்தால் அசைவு குறைகிறது. அசைவு குறைந்தால் தசை இளைக்கிறது. தசை இளைத்தால் மூட்டின் சுமை கூடி வலி மிகுகிறது. இந்தச் சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். அறுக்கக்கூடிய இடம் தசை.

1995-இல் பின்லாந்தில் திடீர் முதுகு வலி கண்ட 186 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. இரண்டு நாள் படுக்கையில் ஓய்வெடுத்தவர்களைவிட, வலி அனுமதித்த அளவுக்கு அன்றாட வேலைகளைச் செய்தவர்களே விரைவில் தேறினர். நாட்பட்ட முதுகு வலிக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டியும், முறையான உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. நம்மில் பலர் வாங்கி அணியும் இடுப்புப் பட்டையை வழக்கமான சிகிச்சையாக அது ஏற்கவில்லை.

ஸ்கேன் படத்தைப் பார்த்து அஞ்சுவோர் இன்னொன்றையும் அறிய வேண்டும். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களைத் தொகுத்து ஆராய்ந்த 2015-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, இருபது வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் எண்பது வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் முதுகெலும்புத் தட்டில் தேய்மானம் இருந்தது. முடி நரைப்பதைப்போல இதுவும் பெரும்பாலும் வயதின் அடையாளமே. படத்தில் தேய்மானம் தெரிவதால் மட்டும் உடல் முடங்கிவிடுவதில்லை.

"இந்த வயசுல இனி என்னம்மா பயிற்சி?" என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தைச் சேர்ந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேர் எட்டு வாரப் பயிற்சியில் சேர்ந்தனர். பயிற்சியை முடித்தவர்களின் கால் தசை வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தசைக்கு முதுமை தடையில்லை.

வீட்டிலேயே செய்யத்தக்க பயிற்சிகள்

முதலாவது, முழங்கால் அழுத்தம். காலை நீட்டிப் படுத்து, முழங்காலுக்கடியில் மடித்த துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி ஐந்து வினாடி நிறுத்துங்கள்.

இரண்டாவது, நாற்காலியில் அமர்ந்து எழுதல். சுவரையொட்டி வைத்த உறுதியான நாற்காலியில் அமர்ந்து, மெதுவாக எழுந்து, மெதுவாக அமருங்கள். தொடக்கத்தில் கையூன்றலாம், உயரம் போதாவிட்டால் மேலே ஒரு தலையணை வைக்கலாம். எல்லாப் பயிற்சியிலும் ஒன்றை மட்டும் செய்யச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, இடுப்பை உயர்த்துதல். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, பாதங்களை ஊன்றி, இடுப்பைத் தூக்கி ஐந்து வினாடி நிறுத்தி இறக்குங்கள். இது முதுகுக்கும் பின்தொடைக்கும் நல்லது.

நான்காவது, படியேற்றம். தாழ்வான ஒற்றைப் படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குங்கள்.

ஒவ்வொன்றையும் எட்டு முதல் பத்து முறை செய்யலாம். முதலில் ஒரு சுற்று, பழகியபின் மூன்று சுற்று. வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள் போதும். மற்ற நாள்களில் நடை. பத்து நிமிடத்தில் தொடங்கி அரை மணி வரை கூட்டிக்கொள்ளலாம். மூச்சை அடக்காதீர்கள்.

பயிற்சியின்போது சிறிது வலி இருக்கலாம். பத்துக்கு ஐந்துக்கு மேல் போகாமல், மறுநாளுக்குள் பழைய நிலைக்கு அடங்கினால் அது கெடுதலன்று. அடங்காவிட்டால் அளவைக் குறையுங்கள், பயிற்சியை விட்டுவிடாதீர்கள். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பலர் மூன்றாவது வாரத்தில் மனம் தளர்ந்து நிறுத்திவிடுகிறார்கள்.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

காய்ச்சலுடன் மூட்டு சிவந்து வீங்குதல், காரணமின்றி எடை குறைதல், இரவில் தூங்கவிடாத தொடர் வலி, விழுந்தபின் வந்த கடும் வலி, முன்பு புற்றுநோய் கண்டவருக்கு வரும் புதிய முதுகு வலி ஆகியவை இருந்தால் மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்கக் கூடாது. சிறுநீர், மலம் அடக்க முடியாமை, தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் செயலிழத்தல் கண்டால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். இதய நோய், நெஞ்சு வலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

பயிற்சி எல்லாருக்கும் முழு நிவாரணம் தரும் என்று நான் சொல்லவில்லை. மூட்டு மிகவும் சிதைந்தவர்களுக்கு மாற்று மூட்டு அறுவை சிகிச்சை பெரும் வரமே. ஆயினும் அதற்கு முன்னும் பின்னும் வேண்டுவது தசை வலிமைதான்.

ஒரு வேண்டுகோள்

டென்மார்க்கில் 2013-இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. நோயைப் பற்றிய இரண்டு விளக்க வகுப்புகள், வாரத்துக்கு இருமுறையாக ஆறு வாரங்களில் பன்னிரண்டு பயிற்சி வகுப்புகள், அவ்வளவே. பின்னர் பல நாடுகள் அதைப் பின்பற்றின. அதற்கு விலையுயர்ந்த இயந்திரம் வேண்டியதில்லை. ஒரு கூடம், சில நாற்காலிகள், பயிற்றுநர் ஒருவர், உடன் செய்யப் பத்துப் பேர் போதும்.

நம் கோயில் மண்டபங்களும் திருமணக் கூடங்களும் வாரநாள் காலையில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கின்றன. சக்கர நாற்காலி வழங்கும் நன்கொடையாளர்களை நான் கைகூப்பி வணங்குகிறேன். அதனோடு, அந்தச் சக்கர நாற்காலி தேவைப்படாமல் காக்கும் அறத்தையும் ஏற்று நடத்த முன்வாருங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். தனியே செய்யச் சொன்னால் விட்டுவிடும் தாய்மார்கள், பத்துப் பேர் கூடினால் சிரித்துக்கொண்டே செய்வதை நான் பணிக்காலம் முழுவதும் கண்டவள்.

என் தாயாருக்கு நாற்காலிப் பயிற்சியை அவருடைய அறுபத்தோராம் வயதில் தொடங்கினேன். முதல் நாள் இரண்டு முறை எழுந்து களைத்துப் போனார். நான்கு மாதத்தில் கையூன்றாமல் பத்து முறை எழுந்தார். பத்துமலையின் 272 படிகளை அவர் மறுபடி ஏறவில்லை. ஆனால் அடுத்த தைப்பூசத்தில் அடிவாரம் வரை தானே நடந்து வந்தார். அன்னதானப் பந்தலில் மற்றவர்களோடு அமர்ந்து காய் நறுக்கினார். வேலை முடிந்ததும், நான் நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, "விடும்மா, நானே எந்திரிக்கிறேன்" என்றார்.

காலியான அந்தப் பின்வரிசை நாற்காலிகளுக்கு நம் தாய்மார்கள் திரும்பி வர வேண்டும். அதற்கு எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.