கோர்ட்டில் எதற்கு ‘பிரேயர்’? வட்டவடை மனுவும் ஒரு ஹீப்ரு சொல்லும்

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வழியாகப் போனால் வட்டவடை. புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு விளையும் ஊர். இருப்பது கேரளாவின் இடுக்கி மாவட்டம், வீட்டில் பேசுவது பெரும்பாலும் தமிழ். 2006-இல் குறிஞ்சிமலை சரணாலயம் அறிவிக்கப்பட்டபோது வட்டவடை, கொட்டக்கம்பூர் கிராமங்களின் நிலமும் அதன் எல்லைக்குள் வந்தது. யார் நிலம் உள்ளே, யாருடையது வெளியே என்ற தகராறு வருடக்கணக்கில் இழுத்தது. இப்படிப்பட்ட ஊரில் மனு என்பது வெறும் காகிதம் இல்லை, பிழைப்பு.

அதிகாரியிடம் கொடுக்கும் மனுவுக்கு மலையாளத்தில் ‘நிவேதனம்’ என்று பெயர். தமிழ்க் காதுக்கு அது சாமிக்குப் படைக்கிற சர்க்கரைப் பொங்கல்! சமஸ்கிருதத்தில் அதன் பொருள் ‘தெரியப்படுத்துதல்’தான். மலையாளம் அதை ஆபீஸுக்குக் கொண்டுபோனது, தமிழ் கருவறைக்கு.

இந்தக் கோயில்–கோர்ட் கலப்பு நமக்கு மட்டும் உரியதல்ல. ஹைகோர்ட்டில் போடும் ரிட் மனுவின் கடைசிப் பகுதிக்கு ஆங்கிலத்தில் ‘பிரேயர்’ என்றே பெயர். அதன் வேர், ‘கெஞ்சிக் கேட்பது’ என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல். அதே வேரிலிருந்து வந்தது ரோமானியச் சட்டத்தின் ‘பிரிகேரியம்’: ஒருவரிடம் கேட்டு வாங்கி அனுபவிக்கும் நிலம். கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கலாம். நிலையில்லாத வேலையை ‘பிரிகேரியஸ்’ என்கிறோமே, அது இங்கிருந்து வந்ததுதான். கெஞ்சிப் பெற்றது நிலைக்காது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஹீப்ரு வேறு பாதையில் போனது. அதில் பிரார்த்தனைக்குச் சொல் ‘தெஃபிலா’. அதன் ப-ல-ல வேர் பைபிளில் தீர்ப்பளிப்பது, நடுவில் நின்று பேசுவது என்ற பொருள்களிலும் வருகிறது. இன்றைய ஹீப்ருவில் கிரிமினல் சட்டத்தைக் குறிக்கும் ‘பிலிலி’யும் இதே குடும்பம். அங்கே சட்டச் சொல் வழிபாட்டுக்குப் போயிருக்கிறது என்றால், எதிர்த்திசையில் வந்த சொல்லும் உண்டு. ஈசாக்கு மனைவிக்காகக் கடவுளிடம் வேண்டிக்கொண்டதைச் சொல்லும் வேரிலிருந்து பிறந்த ‘அத்திரா’தான் இன்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்தில் போடும் மனுவின் பெயர்.

தமிழில் இதற்கு ஜோடி இல்லையா? இருக்கிறது. ‘முறையீடு’. முறை என்றால் ஒழுங்கு, நீதி. அரசனிடமும் முறையிடலாம், ஆண்டவனிடமும் முறையிடலாம். கோர்ட்டில் அது ‘மேல்முறையீடு’. ‘விண்ணப்பம்’ இன்னும் சுவாரசியம். பல்லவர் செப்பேடுகளில் மன்னனிடம் வைக்கும் கோரிக்கை, ஸ்ரீரங்கத்தில் அரையர்களுக்கு ‘விண்ணப்பம் செய்வார்’ என்றே பெயர், வள்ளலார் கடவுளிடம் வைத்ததும் பெருவிண்ணப்பம். இப்போது நாம் வேலைக்குப் போடுவதும் அதே. கோர்ட்டில் கேட்கிற ‘பரிகாரம்’கூட ஜோசியரிடம் கேட்கிற அதே சொல்தான்.

பெயர்தான் பிரார்த்தனை, கோர்ட்டுக்குக் கணக்கு வேண்டும். சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 7, விதி 7 என்ன பரிகாரம் வேண்டும் என்பதை வழக்குரையில் குறிப்பாகச் சொல்லச் சொல்கிறது. நியாயம் என்று கோர்ட் கருதும் பொதுவான பரிகாரத்தைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை என்றும் அதே விதி சொல்கிறது. ஆனால் அதை நம்பி முக்கியமான கோரிக்கையை விட்டுவிடக் கூடாது. கேட்காததை நீதிமன்றங்கள் பொதுவாகக் கொடுப்பதில்லை. “ஐயா அவர்கள் கருணை கூர்ந்து” என்று அரைப் பக்கம் எழுதிவிட்டு சர்வே எண்ணை விட்டுவிட்டால், கருணைக்கு எந்த வயலைத் தெரியும்?

வட்டவடைக்காரர் இதைத் தமிழிலேயே எழுதலாமா? அரசு அதிகாரியிடம் என்றால் எழுதலாம். அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு, குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்தில் அல்லது அந்த மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. பதிலும் அதே மொழியில் வரும் என்று மட்டும் அந்தப் பிரிவு சொல்லவில்லை.