வட்டத்தைத் துரத்திய வாத்தியார்!

வீட்டில் இருக்கும் வளையல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வெளி விளிம்பில் ஒரு நூலை ஒரு சுற்று சுற்றி, அந்த அளவுக்கு வெட்டுங்கள். பிறகு அந்த நூலை வளையலின் குறுக்கே, நடுவில் வைத்து அளந்து பாருங்கள். மூன்று முறை அளந்த பிறகும் கொஞ்சம் நூல் மிச்சமிருக்கும்.

வளையலுக்குப் பதில் பாத்திர மூடியை அளந்தாலும் சரி, சைக்கிள் சக்கரத்தை அளந்தாலும் சரி, விடை இதேதான். சுற்றளவு என்பது விட்டத்தைப் போல மூன்று மடங்கு. அதற்கு மேல் ஒரு சின்னத் துண்டு. வட்டம் சிறிதானாலும் பெரிதானாலும் மாறாத இந்த மடங்குக்குத்தான் ‘பை’ என்று பெயர்.

பள்ளியில் நாம் படித்த 22/7 ஒரு தோராயம்தான். உண்மையான மதிப்பு 3.14159... என்று போய்க்கொண்டே இருக்கும். எந்தப் பின்னத்துக்குள்ளும் அது அடங்காது என்று 1760-களில் நிரூபித்தார் ஜோஹன் லாம்பர்ட்.

முடிவில்லாத அந்த வரிசையைத் துரத்தியவர்களில் ஒருவர் வில்லியம் ஷாங்க்ஸ். இங்கிலாந்தில் ஹௌட்டன்-லெ-ஸ்பிரிங் என்ற ஊரில் விடுதிப் பள்ளி நடத்தியவர். கால்குலேட்டர் இல்லாத காலம். பேனாவும் காகிதமும்தான் துணை. காலையில் கணக்குப் போடுவார், மதியம் அதைச் சரிபார்ப்பார் என்று சொல்வார்கள். 1853-ல் 607 தசம இலக்கங்களை வெளியிட்டார். 20 வருடம் கழித்து, 1873-ல் அதை 707 ஆக்கினார்.

அவருடைய ஆசிரியர் வில்லியம் ரூதர்ஃபோர்டும் தனியாகக் கணக்கிட்டுப் பார்த்தார். ஆனால், அவர் போனது 440 இலக்கங்கள் வரைதான். அதற்குப் பிறகு ஷாங்க்ஸின் கணக்குக்கு ஷாங்க்ஸ் மட்டுமே சாட்சி.

ஒருவருக்கு மட்டும் ஒரு விஷயம் உறுத்தியது. அவர் நம் மதுரையில் பிறந்த ஆங்கிலேயக் கணித மேதை அகஸ்டஸ் டி மோர்கன். 600 சொச்சம் இலக்கங்களில் 0 முதல் 9 வரை ஒவ்வொன்றும் சுமார் 60 முறை வரும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால், 7 மட்டும் 44 முறைதான் வந்திருந்தது. பையின் தொடக்கப் பகுதியில் 7 நிஜமாகவே குறைவுதான் என்பது இன்று நமக்குத் தெரியும். அன்று அது பெரிய புதிர். ஆனாலும், அத்தனை கணக்கையும் மறுபடி போட்டுப் பார்க்க யாரும் முன்வரவில்லை.

1882-ல் ஷாங்க்ஸ் மறைந்தார். 1937-ல் பாரிஸின் அறிவியல் அருங்காட்சியகம் ஒன்றில், ‘பை’க்கென்றே ஒரு வட்ட அறை அமைத்து, அவருடைய 707 இலக்கங்களையும் பதித்து வைத்தார்கள்.

1944-ல் டி.எஃப்.ஃபெர்குசன் என்ற ஆங்கிலேயர் வேறொரு சூத்திரத்தை வைத்துக் கணக்குப் போட்டார். 527 இலக்கங்கள் வரை இருவர் விடையும் அச்சு அசலாக ஒத்துப்போனது. 528-வது இடத்தில் இடித்தது. தவறு ஷாங்க்ஸ் பக்கம்! இத்தகைய கணக்கில் ஓரிடத்தில் பிசகினால், அதற்குப் பின்னால் வருவதெல்லாம் வீண். கடைசி 180 இலக்கங்களும் போச்சு. பாரிஸ் அறையின் சுவரை 1949-ல் திருத்தினார்கள்.

இன்னொருவர் சரிபார்த்த 440 இலக்கங்களில் ஒரு பிழைகூட இல்லை. அவர் மட்டுமே சரிபார்த்த பகுதியில்தான் பிழை ஒளிந்திருந்தது. தினமும் மதியம் சரிபார்த்தவருக்கே அது கண்ணில் படவில்லை. கடைக் கணக்கோ, சீட்டுக் கணக்கோ, வேறொருவர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

அதற்காக ஷாங்க்ஸ் தோற்றுவிட்டார் என்று சொல்ல முடியுமா? கோள்களுக்கு இடையே விண்கலம் செலுத்தும் நாசாவின் கணக்குகளுக்கே ‘பை’யின் 15 தசம இலக்கங்கள் போதும். ஷாங்க்ஸ் கையாலேயே எழுதிச் சரியாகத் தந்தவை 527. ஃபெர்குசன் வரும்வரை, 70 வருடங்களுக்கு மேலாக, அதைத் தாண்டிச் சரியான ஓர் இலக்கத்தைக்கூட யாரும் எழுதவில்லை!