‘ஒண்டுமில்லை, கொஞ்சம் தலையிடி’: இமயமலைக்கு முதல் தடவை போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

சுவிசில் இருபத்தாறு வருசம் இருந்துவிட்டால், மலை பற்றி நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை என்று ஒரு நினைப்பு வந்துவிடும். எனக்கும் வந்தது. ஊரிலிருந்து யார் வந்தாலும் யுங்ஃபிராயோகுக்கு றெயினில் கூட்டிக்கொண்டு போய், 3,454 மீற்றர் உயரத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்து, சூப் வாங்கிக் கொடுத்துத் திரும்புகிறவர்கள்தானே நாங்கள். ஆகவே அக்காவின் மகள், “சித்தி, நேபாளத்தில அன்னபூர்ணா சுற்று நடப்பமா?” என்று கேட்டபோது நான் யோசிக்கவேயில்லை. அவளுக்கு 24 வயது, எனக்கு 51. அந்தச் சுற்றின் மறுபக்கம் முக்திநாத் இருக்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் அதுதான். பெறாமகளுக்கு மலை, எனக்குக் கோயில். கணக்குச் சரியாக வந்தது.

வேறு சில கணக்குகள் பிழைத்தன. அவற்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இந்தப் பக்கத்தை வாசிக்கிற பல வீடுகளில் இப்போது பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு மல்லோர்க்காவை விட்டுவிட்டு நேபாளம், பெரு, கிர்கிஸ்தான் என்று கிளம்புகிறார்கள். பெற்றோருக்குப் பயம். பிள்ளைகளுக்குப் பயமேயில்லை. இரண்டுமே உதவாது.

முதலில் கடவுச்சீட்டு. இதில் நம்முடைய ஆட்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஐரோப்பிய, கனேடிய கடவுச்சீட்டு இருந்தால் காத்மாண்டு விமான நிலையத்திலேயே விசா தருவார்கள்; நாங்கள் போனபோது 15 நாளுக்கு 30 டொலர், 30 நாளுக்கு 50 டொலர். இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டே வைத்திருப்பவர்களுக்கு சார்க் நாட்டவர் என்ற வகையில் வருடத்தின் முதல் பயணத்துக்கு 30 நாள் விசா இலவசம். இந்தியர்களுக்கு விசாவே வேண்டாம். ஆனால் அகதிப் பயண ஆவணத்தில் பயணிப்பவர்களுக்கு விமான நிலையத்தில் விசா கிடையாது, முன்கூட்டியே தூதரகத்தில் எடுக்கவேண்டும். ஒரே குடும்பத்தில் மூன்று விதமான ஆவணம் இருப்பது நமக்குப் புதிதல்ல. ரிக்கெற் போடுவதற்கு முன் ஒவ்வொருவருடையதையும் மேசையில் வைத்துப் பாருங்கள். மலைக்குள் நுழைகிற அனுமதிச் சீட்டிலும் அப்படித்தான்: பெறாமகளுக்கும் எனக்கும் ஆளுக்கு 3,000 நேபாள ரூபாய், சார்க் நாட்டவருக்கு 1,000. அவள் பேர்னில் பிறந்தவள், சிரித்துவிட்டுக் கட்டினாள். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

வழிகாட்டி வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் பதிவுபெற்ற வழிகாட்டியுடன்தான் நடக்கவேண்டும் என்பது அங்கே விதி. விதி இல்லாவிட்டாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன், காரணம் பின்னால் வரும். எங்களுடைய வழிகாட்டி முப்பது வயதுத் தம்பி. என்னை “தீதி” என்று கூப்பிட்டார், அக்கா என்று அர்த்தம். அண்ணனுக்கு அவர்களுடைய சொல் “தாய்”. மீசை வைத்த ஜீப் சாரதியை அவர் “தாய், தாய்” என்று கூப்பிட்டபோது நாங்கள் இரண்டுபேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தோம்.

எங்களுடைய முதல் பிழை லீவு. எனக்குக் கிடைத்தது 14 நாள்தான். அந்தச் சுற்றைச் சரியாக நடக்க அது போதாது. பெசிசஹார் என்ற இடத்தில்தான் மலைப்பாதை தொடங்குகிறது, உயரம் சுமார் 760 மீற்றர். முந்தி அங்கிருந்து மனாங் வரை ஒரு கிழமை நடப்பார்களாம். இப்போது ஜீப் ரோட்டு இருக்கிறது. வழிகாட்டித் தம்பி, “சாமே வரைக்கும் ஜீப், அங்கேயிருந்து நடப்பம்” என்றார். சாமே ஏறத்தாழ 2,700 மீற்றர். நான்தான், “இரண்டு நாள் மிச்சம் பிடிக்கலாமே, நேரே மனாங் போவம்” என்று நின்றேன். மனாங் 3,540 மீற்றர். காலையில் ஏறி இருட்டுகிற நேரம் போய் இறங்கினோம். ஒரே நாளில் 2,700 மீற்றருக்கு மேல் உயர்ந்திருக்கிறோம் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. யுங்ஃபிராவை விட 86 மீற்றர்தானே கூட என்றுதான் நினைத்தேன்.

யுங்ஃபிராவில் நாங்கள் இரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு இறங்கிவிடுகிறோம், அங்கே படுப்பதில்லை. உடம்பைப் பொறுத்தவரை பகலில் எவ்வளவு ஏறினாய் என்பதைவிட இரவில் எவ்வளவு உயரத்தில் நித்திரை கொள்கிறாய் என்பதுதான் முக்கியம். 3,000 மீற்றரைத் தாண்டிய பிறகு படுக்கிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருதரம் ஏறாமல் ஒரு நாள் தங்கவேண்டும். காரணம் எளிது. மனாங்கில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். 5,416 மீற்றரில் இருக்கிற தொறோங் கணவாயில் ஏறக்குறைய பாதி. ஒவ்வொரு மூச்சிலும் அந்தளவு ஒட்சிசன்தான் உள்ளே போகும். உடம்பு அதற்குப் பழக நாள் எடுக்கும். காசு கொடுத்து அந்த நாளை வாங்க முடியாது. இளம் வயது, ஜிம்முக்குப் போகிற உடம்பு, மரதன் ஓடினவர் என்பதெல்லாம் இதில் கணக்கில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே பயணம், ஒரே சாப்பாடு, ஒரே அறை. அவளுக்கு ஒன்றுமில்லை, எனக்கு வந்தது.

மனாங்கில் முதல் இரவே தலையிடி. நான் பையிலிருந்து இரண்டு பனடோல் எடுத்துப் போட்டேன். நம்முடைய ஆட்களுக்குப் பனடோல் மருந்தில்லை, பழக்கம். யாருக்கும் சொல்லவில்லை. அடுத்த நாள் பின்னேரம் ஹிமாலயன் ரெஸ்கியூ அசோசியேசன் நடத்துகிற சிறிய மருத்துவ நிலையத்தில் உயர நோய் பற்றி மருத்துவர்கள் பேசினார்கள். நடைப் பருவத்தில் நாளாந்தம் நடக்கிற பேச்சு அது, கட்டாயம் போங்கள். நானும் போய் முன்வரிசையில் இருந்தேன். தலையிடியோடு சத்தி, தலைச்சுற்று, சாப்பாட்டில் மனமின்மை, களைப்பு ஏதாவது சேர்ந்தால் மேலே ஏறவேண்டாம் என்றார்கள். எனக்கு முதலாவதும் மூன்றாவதும் இருந்தன. குறிப்புப் புத்தகத்தில் வடிவாக எழுதி வைத்துக்கொண்டு வந்தேனே தவிர, அது எனக்குத்தான் என்று நினைக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு பலதரம் யோசித்திருக்கிறேன். பிள்ளையின் பயணம் என்னால் கெட்டுவிடக்கூடாது என்பது ஒன்று. இன்னொன்று, எங்கள் வீட்டில் அம்மா காய்ச்சலோடு அடுப்படியில் நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான். வருத்தத்தைச் சொல்லாமல் இருப்பது பொறுப்பு என்று எங்களுக்குப் பழகிவிட்டது. 4,000 மீற்றரில் அது கூட வருகிறவர்களுக்குச் செய்கிற துரோகம். தூக்கிக்கொண்டு இறங்கப்போவது அவர்கள்தானே.

அடுத்த நாள் யாக் கர்க்கா, 4,050 மீற்றர். மூன்று நாலு மணித்தியால நடைதான். நான் ஆறு மணித்தியாலம் எடுத்தேன். போய்ச் சேர்ந்ததும் சத்தி. பெறாமகள் என்னைப் பார்த்த பார்வை மாறியது. “சித்தி, இந்தக் கோட்டில நடந்து காட்டுங்கோ.” விடுதி முற்றத்தில் கல் பதித்த ஒரு வரி. குதிக்காலுக்கு முன் விரல் வைத்து, கயிற்றில் நடக்கிற மாதிரி நடக்கவேண்டும். பேச்சில் சொன்ன சோதனை அது. மூன்றாவது அடியில் சுவரைப் பிடித்தேன். “ஒண்டுமில்லை பிள்ளை, களைப்பு. காலமை பாப்பம்.” அவள் என்னோடு கதைக்கவில்லை, வழிகாட்டியைப் போய்க் கூட்டி வந்தாள். அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, என் பையைக் கட்டத் தொடங்கினார்.

நடையில் தள்ளாட்டம் வந்தால் மூளையில் நீர் கோக்கிறது என்று எடுத்துக்கொள்ளவேண்டும். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமல் குரகுரத்தால், அது நுரையீரல். இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றுதான், உடனே இறங்குவது. காலமை வரை பார்ப்பது என்பது இல்லை. அவர் ஒரு குதிரையை வாடகைக்குப் பிடித்தார். தலையில் ரோச் கட்டிக்கொண்டு இருட்டுக்குள் இறங்கினோம். மனாங்கில் ஒட்சிசனும் மருந்தும் தந்தார்கள். “இரவு அங்கேயே படுத்திருந்தால்?” என்று பெறாமகள் கேட்டாள். மருத்துவர், “நல்லவேளை, படுக்கவில்லை” என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் சாமேக்கு இறங்கினோம், தலை தெளிந்தது.

அன்றிரவுதான் இரண்டாவது கூத்து. கெலிகொப்ரர் தேவைப்பட்டால் யாருக்கு அடிப்பது? இன்சூரன்ஸ் எடுத்திருந்தோம், ஆனால் எத்தனை மீற்றர் வரை என்று நான் பார்க்கவில்லை. சில காப்புறுதிகள் 3,000 மீற்றரோடு நின்றுவிடும், சில 4,000, சில 6,000. ஏறுகிற இடத்தின் உயரம் தெளிவாக எழுதியிருக்கவேண்டும். எங்களுடையது 4,000 வரைதான், இலக்கம் வீட்டிலிருந்த பைலில். அக்காவுக்கு அடித்தால் எடுத்துச் சொல்லுவா. ஆனால் அக்காவிடம் நாங்கள் சொல்லியிருந்தது கோயில் யாத்திரை என்று! “கோயிலுக்கெண்டுதானே சொன்னனீங்கள், கோயிலுக்கு ஏன் கெலிகொப்ரர்?” அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பிள்ளைகளே, வீட்டில் என்ன பொய் வேண்டுமானாலும் சொல்லுங்கள், போகிற பாதையை மட்டும் சொல்லாதீர்கள். எந்த இரவு எந்த ஊர், வழிகாட்டியின் இலக்கம், காப்புறுதி இலக்கம், இரத்த வகை. ஒரு தாள் போதும். அம்மா சண்டை பிடிப்பா, பிடிக்கட்டும். இன்னொன்று: கெலிகொப்ரருக்கு ஆயிரக்கணக்கான டொலர் போகும். தேவையில்லாமல் ஏற்றி இறக்கிக் காப்புறுதியிடம் கறப்பது அங்கே ஒரு தொழிலாகவே நடந்து, 2018இல் நேபாள அரசே விசாரணை வைத்தது. உயிர் போகிற நிலை இல்லையென்றால் முதலில் காப்புறுதி நிறுவனத்துக்கு அடித்துக் கேளுங்கள்.

டயமொக்ஸ் என்ற மாத்திரை உடம்பு உயரத்துக்குப் பழகுவதைக் கொஞ்சம் துரிதப்படுத்தும். அதை உங்கள் மருத்துவரிடம் கேட்டே எடுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயம் சொல்லவேண்டும். விரல்நுனி விறைக்கும், அடிக்கடி ஒண்டுக்கு வரும். அது போட்டாலும் ஜீப்பில் நேரே ஏறலாம் என்று ஆகாது.

மற்றவை சின்ன விசயங்கள். சப்பாத்தைப் புதிதாக வாங்கிக்கொண்டு நேரே போகாதீர்கள், இரண்டு மாதம் போட்டு நடவுங்கள். ஸ்லீப்பிங் பாக், தடித்த ஜாக்கெட் எல்லாம் காத்மாண்டுவில் தமேல் பகுதியில் வாடகைக்கு இருக்கிறது. மேலே இறைச்சி வேண்டாம், குளிர்ப்பெட்டி இல்லாமல் கீழேயிருந்து வருகிறது. பருப்பும் சோறும் கேளுங்கள், போதும் என்னும்வரை திரும்பத் திரும்பப் போடுவார்கள், நமக்கென்ன குறை. அறை வாடகை மலிவு, சாப்பாட்டில்தான் அவர்களுக்கு வருமானம், ஆகவே படுக்கிற இடத்திலேயே சாப்பிடுவது மரியாதை. மேலே போகப்போக விலை கூடும், எல்லாம் மனிதர் முதுகிலும் கோவேறு கழுதையிலும் வருகிறது, பேரம் பேசாதீர்கள். காசு கையில் வேண்டும். ஒக்ரோபர், நவம்பர் நல்ல காலம் என்பார்கள். 2014 ஒக்ரோபரில் ஹுட்ஹுட் புயலின் மிச்சம் பனியாகக் கொட்டி அந்தப் பகுதியில் 40 பேருக்கு மேல் இறந்ததும் அதே நல்ல காலத்தில்தான். வழிகாட்டி இன்று ஏறவேண்டாம் என்றால் வேண்டாம்.

முக்திநாத் போகாமல் வரவில்லை. மருத்துவரிடம் கேட்டுவிட்டு, முற்றாகத் தெளிந்த பிறகு, பொக்கராவிலிருந்து ஜோம்சோம் வந்து ஓர் இரவு தங்கி, பகலில் ஏறி பகலிலேயே இறங்கினோம். 3,700 மீற்றருக்கு மேல். 108 தாரைகளின் கீழே தமிழ்நாட்டிலிருந்து வந்த யாத்திரைக் கூட்டம் ஒன்று, எல்லோரும் அறுபது எழுபது வயது. 800 சொச்சம் மீற்றரில் இருக்கிற பொக்கராவிலிருந்து காலையில் விமானத்தில் ஜோம்சோம், பிறகு ஜீப். பனித்தண்ணியில் நனைந்துகொண்டு ஓரமாக இருந்த ஒரு அம்மாவிடம், தலை வலிக்குதா என்று கேட்டேன். “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்றார். உதடு நீலம். பெறாமகள் போய்க் கூட்டத்தை நடத்தி வந்தவரைப் பிடித்து, அந்த அம்மாவை முதல் ஜீப்பிலேயே கீழே அனுப்பும்வரை விடவில்லை. உங்கள் அப்பா அம்மா இப்படி யாத்திரை போனால், கோயிலடியில் இரவு தங்காத ஒழுங்கா, முந்தின நாள் ஜோம்சோமில் ஒரு இரவு உண்டா, கூட ஒட்சிசன் கொண்டுபோகிறார்களா என்று பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். இதய வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகவே வேண்டாம்.

வருகிற ஒக்ரோபரில் திரும்பப் போகிறோம். இந்தத் தடவை 21 நாள் லீவு, காப்புறுதி 6,000 மீற்றர் வரை, தாள் அக்காவின் குளிர்ப்பெட்டிக் கதவில். வழிகாட்டித் தம்பிக்கு எழுதினேன். “வாங்கோ தீதி, ஆனால் ஜீப் சாமே வரைக்கும்தான்” என்று பதில் போட்டிருக்கிறார்.