அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லும் கடல்கோட் செய்தியும்

தமிழகத்தின் தொன்மையை ஆராயும் உரைகளில் அரியலூரின் பெயர் பல இடங்களில் எடுத்தாளப்படுகின்றது. கடற்கரையினின்று 80 கிலோமீட்டருக்கு மேல் உள்நாட்டில் அமைந்த அவ்வூர்ப் பக்கத்தில் சிப்பியும் கிளிஞ்சலும் கல்லாகிக் கிடக்கின்றன. எனவே அங்குக் கடல் ஒருகால் பரந்திருந்தது. எனவே கடல்கோளைப் பற்றி நம் உரையாசிரியர்கள் கூறியவை நிலநூற் சான்றால் உறுதிப்பட்டன. இவ்வாறு அவ்வாதம் மூன்று படிகளில் செல்லும். முதற்படி கண்கூடு. இரண்டாவது ஐயமற்றது. மூன்றாவதற்கு அக்கற்களில் ஆதாரம் சிறிதும் இல்லை. இதனை ஒரு வரியில் மறுத்து விடுத்தல் எளிது. ஆயினும் அக்கற்கள் கூறும் செய்தி அம்மறுப்பினும் பெரிது. மேலும், மறைந்த கண்டம் ஒன்றைப் பற்றிய கொள்கை 19ஆம் நூற்றாண்டில் உருவாகியபோது இதே கற்களுக்கு அதில் உண்மையாகவே ஒரு பங்கு இருந்தது. அவ்வரலாறு தமிழாய்வாளர் அறியத்தக்கதாதலின் ஈண்டு அதனை விரித்துரைப்போம்.

நிலத்தின் அமைப்பை முதற்கண் காண்போம். இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடபகுதியிலும், மேற்கே மிகப் பழைய கரும்பாறைத் தளம் உள்ளது. அதன் கிழக்கு விளிம்பின்மேல் கடற்படிவுப் பாறைகள் அடுக்கடுக்காய்ப் படிந்துள்ளன. அவ்வடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருத்தலின், மேற்கிலிருந்து கிழக்கே நடப்போர் முற்காலப் படிவிலிருந்து பிற்காலப் படிவிற்குச் செல்வர். ஓலைச்சுவடியொன்றைச் சற்றே சாய்த்து வைத்து, ஏடுகளின் விளிம்புகளை வரிசையாய்ப் பார்ப்பது போன்றது இது. நிலநூலார் இவ்வடுக்குகளை ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என மூன்றாகப் பகுத்து, இவற்றின்மேல் நின்னியூர்த் தொகுதியை வைப்பர். முதல் மூன்றும் கிரெட்டேசியஸ் எனப்படும் ஊழியைச் சார்ந்தவை. ஊட்டத்தூர்த் தொகுதி ஏறத்தாழ 11 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. அரியலூர்த் தொகுதி 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிவுற்றது.

ஊட்டத்தூர்த் தொகுதியின் அடிப்பகுதியில், கல்லக்குடியருகே, பவளமும் கடற்பாசியும் கட்டிய சுண்ணாம்புக்கல் உள்ளது. 1939இல் அங்குத் தோன்றிய சிமெண்டு ஆலைக்குக் காரணமானது இக்கல்லே. ஆலை முதலாளியின் பெயரால் ஊர் டால்மியாபுரமாயிற்று. அப்பெயரை மாற்றக் கோரி 1953இல் நிகழ்ந்த கிளர்ச்சியைத் தமிழக வரலாறு அறியும். நிலநூலில் அப்படிவிற்கு டால்மியாபுரம் என்னும் பெயரே இன்றும் வழங்குகின்றது. அதற்கு மேலுள்ள காரைக் களிப்பாறையில் அம்மோனைட்டு என்னும் சுருள்ஓட்டு உயிரினம் மிகுதி. சாளக்கிராமத்தைக் கண்டோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கண்டகி யாற்றில் எடுக்கப்படும் சாளக்கிராமங்களிலும் உட்சுருளாய்க் காணப்படுவது அம்மோனைட்டே. ஆனால் அவை காரைப் படிவினும் பழமையான ஜுராசிக் ஊழியைச் சார்ந்தவை.

திருச்சிராப்பள்ளித் தொகுதியைப் பற்றி ஈண்டு மிகுதியாய்க் கூற வேண்டுவதில்லை. கருடமங்கலத்தில் கிடைக்கும் சிப்பிச் சுண்ணாம்புக்கல் நன்கு மெருகேறுவது. அதனைச் சலவைக்கல்லென வழங்கி அணிவேலைக்குப் பயன்படுத்தினர். சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் நீள மரமும் இத்தொகுதியின் படிவிலேயே உள்ளது. 1940இல் அதனைக் கண்டறிந்தவர் நிலநூலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன். கடற்சிப்பிகளுக்கிடையே மரம் கிடத்தல் முரண் அன்று. கரையிலிருந்து அடித்துச் செல்லப்பட்ட மரம் கடலடிச் சேற்றில் புதைவதை இன்றும் காணலாம். கரை அண்மையில் இருந்தமைக்கு அதுவே சான்றாகும்.

நம் பொருளுக்கு இன்றியமையாதது அரியலூர்த் தொகுதியிலுள்ள கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல். இதன் வயது ஏறத்தாழ 7 கோடி ஆண்டு. இக்கல் ஓரிடத்தில் உயிரினங்களால் கட்டப்பட்ட திட்டன்று. இறந்த உயிர்களின் ஓடுகள் நொறுங்கிச் சேர்ந்த குவியல். கிரைஃபியா எனப்பட்ட தடித்த சிப்பியே இதில் தலைமையுடையது. உள்ளங்கையில் அடங்கும் கிண்ணம் போல் ஒருபுறம் குழிந்து, மறுபுறம் தட்டையான மூடியுடன் அமைந்தது அது. குழிந்த ஓடு சேற்றில் பதிய, மூடி மேல்நோக்கித் திறக்க, அவ்வுயிர் வாழ்ந்தது. சில அடுக்குகளில் இச்சிப்பியன்றி வேறொன்றும் கண்ணுக்குப் புலப்படாத அளவிற்கு இது செறிந்துள்ளது. வேறு சில அடுக்குகளில் இனோசெராமஸ் என்னும் பெருஞ்சிப்பியின் துண்டங்கள் நிறைந்துள்ளன. விளிம்பு பல்லுப்பல்லாய் மடிந்த சிப்பி, கடல்முள்ளெலி, பாசிபோல் படரும் பிரயோசோவா என்னும் நுண்ணுயிர்க் கூட்டம், உருப்பெருக்கியால் மட்டுமே உள்ளமைப்புக் காணத்தக்க ஒற்றையறை உயிர்களின் வட்ட ஓடுகள் ஆகியவையும் உடனுள்ளன.

இவற்றைக் கொண்டு அக்கடலின் இயல்பைக் கூறலாம். அஃது ஆழமற்றது, வெதுவெதுப்பானது, அலைவீச்சு அடித்தளத்தை எட்டி ஓடுகளை நொறுக்கும் அளவிற்குக் கரையை ஒட்டியது. ஆறுகள் கொணரும் மணலும் சேறும் குறைந்திருந்தமையாலேயே சுண்ணம் இத்துணைத் தூய்மையுடன் திரண்டது. இத்தூய்மையே இன்று அரியலூரைச் சுற்றி எழுந்துள்ள சிமெண்டு ஆலைகளுக்கும் ஆழ்ந்த சுரங்கக் குழிகளுக்கும் காரணம். அக்குழிகளின் சுவர்களில் அடுக்குகள் தெளிவாய்த் தெரிகின்றன. தோண்டுவதால் படிவம் அழிகின்றது. தோண்டாவிடின் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. நிலநூலாரும் ஆலையாரும் ஒரே குழியில் நிற்க நேர்ந்தமை இதனால் என்க.

சுண்ணாம்புக்கல்லுக்கு மேல் மணற்கல் வருகின்றது. அதற்கும் மேலே கல்லமேட்டில் கடலின் அடையாளம் இல்லை. ஆற்றுப்படிவும் டைனோசர் என்னும் பேருடல் ஊர்வனவற்றின் எலும்புகளும் உள்ளன. கடல் பின்வாங்கிற்று என்பது இதனால் பெறப்படும். மேட்லி என்பார் இவ்வெலும்புகளைப் பற்றி 1929இல் எழுதினார். 1980களின் இறுதியில் யாதகிரியும் அய்யாசாமியும், அங்குக் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளுக்குரிய விலங்கிற்குப் பிருகத்காயோசாரஸ் எனப் பெயரிட்டனர். அவ்வெலும்புகள் இன்று இல்லை. நிலத்திலிருந்து எடுக்கப்பட்டபின் அவை சிதைந்து போயின. எஞ்சியவை வரைபடங்களும் சில ஒளிப்படங்களுமே. மூலச்சுவடி அழிய, படி மட்டும் எஞ்சிய நூல்களைப் பதிப்பிப்போர்க்கு இந்நிலை புதிதன்று. பின்னர் நின்னியூர்க் காலத்தில் கடல் மீண்டும் ஏறி வந்தது. சுண்ணாம்புக்கல் மீண்டும் படிந்தது. ஆனால் அப்படிவில் அம்மோனைட்டு ஒன்றேனும் இல்லை. டைனோசரும் அம்மோனைட்டும் உலகெங்கும் அழிந்தொழிந்த எல்லையை இவ்விடைவெளி குறிக்கின்றது.

ஆகவே அரியலூர் நிலம் கடலால் கொள்ளப்பட்டது, கடல் விலகியது, மீண்டும் கொள்ளப்பட்டது. கடல்கோள் என்னும் சொல்லை இந்நிகழ்ச்சிகளுக்கு வழங்குவதில் சொற்பொருள் அளவில் பிழையில்லை. பிழை காலத்தில் உள்ளது. நம்மினத்து மாந்தரின் மிகப் பழைய எலும்புகள் ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டு வயதுடையன. அக்காலத்தை ஒரு முழமாகக் கொண்டால், சங்க இலக்கியம் நமக்கு ஒரு நெல்லின் பருமன் அளவே அப்பாலுள்ளது. கல்லங்குறிச்சிச் சிப்பியோ 230 முழத்திற்கு அப்பாலுள்ளது. அக்கடலைக் கண்ட மாந்தர் ஒருவரும் இலர்; காணாததை நினைவிற்கொண்டு வழிவழியாய்ச் சொல்லி வந்தாரும் இலர்.

இனி, இக்கற்கள் கண்டக் கொள்கையிற் புகுந்த வரலாற்றை நோக்குவோம். கே, கன்லிஃபு என்னும் ஆங்கிலேயர் இருவர் தென்னாட்டில் திரட்டிய படிவங்களை எட்வர்டு ஃபோர்ப்ஸ் ஆராய்ந்து 1846இல் இலண்டனில் வெளியிட்டார். பின்னர் இந்திய நிலவியல் அளவைத் துறையைச் சார்ந்த ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு இப்பகுதியை ஊர்தோறும் அளந்து 1862இல் விரிவான நூல் எழுதினார். மேற்கூறிய முத்தொகுதிப் பகுப்பு அவர் வகுத்ததே. படிவங்களை ஒவ்வொன்றாய்ப் பெயரிட்டு விளக்கிய பெரும்பணி ஸ்டோலிச்கா என்பாருடையது. பத்தாண்டுக் காலம் அதில் உழைத்து 1873இல் அதனை நிறைவு செய்த அவர், அடுத்த ஆண்டே இலடாக்கு மலைப்பயணத்தில் உயிர்நீத்தார். அவர் பெயரால் ஸ்டோலிச்கையா என ஓர் அம்மோனைட்டு வழங்குகின்றது. நம் ஊர்ப்பெயர்களும் இவ்வாறு உலக வழக்கில் ஏறியுள்ளன. ஊட்டத்தூர், உட்டட்டூரிசெராஸ் எனவும், வரகூர், காட்ரிசெராஸ் வரகூரென்ஸ் எனவும் நிலைபெற்றன. நம் சிற்றூர்களின் பெயரைச் சப்பானிலும் மடகாஸ்கரிலும் நிலநூலார் ஒலிக்கின்றனர் என்பது தமிழர் பலர் அறியாத செய்தி.

படிவங்களை ஒப்பிட்டபோது ஒரு புதிர் தோன்றிற்று. அரியலூர்ப் பக்கத்துச் சிப்பிகள் பல, தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கடற்கரைப் பாறைகளிலும் காணப்பட்டன. ஆனால் ஏறத்தாழ அதே ஊழியில் நருமதைப் பள்ளத்தாக்கில், பாக் என்னும் இடத்தில் படிந்த சிப்பிகளோ இவற்றோடு பெரிதும் ஒவ்வாமல் அரேபியாவையும் ஐரோப்பாவையும் ஒத்திருந்தன. தொலைவிலுள்ளது ஒத்திருப்பானேன்? அண்மையிலுள்ளது வேறுபடுவானேன்? இரு கடல்களுக்குமிடையே இந்தியாவிலிருந்து ஆப்பிரிக்கா வரை நீண்ட ஒரு நிலம் தடுப்பாய் நின்றிருத்தல் வேண்டும் என அக்கால நிலநூலார் விடை கண்டனர். அன்றைய அறிவு நிலையில் இவ்விடை பொருத்தமானதே. கண்டங்கள் நகரும் என்பதை அறியாதார்க்கு, நிலம் மூழ்கிற்று என்பதன்றி வேறு வழியில்லை. இலெமூர் என்னும் விலங்கினத்தின் பரவலைக் கொண்டு ஸ்கிளேட்டர் 1864இல் இலெமூரியா என்னும் பெயரை ஆக்கியிருந்தார். இந்தியாவிற்கும் ஆப்பிரிக்காவிற்கும் பொதுவான தாவரப் படிவங்களைக் கொண்டு 1875இல் இந்தியப் பெருங்கடற் கண்டம் ஒன்றை வலியுறுத்தியவர், அரியலூரை அளந்த அதே பிளான்ஃபோர்டு. அவ்வாண்டிலேயே அவர் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராகவும் அமர்ந்தார். இந்தியப் பள்ளிகளுக்கென அவர் எழுதிய நிலநூற் பாடப்புத்தகத்தின் வழி 1870களில் இக்கருத்து வகுப்பறைக்கு வந்தது. பரிதிமாற்கலைஞர் 1903இல் வெளிவந்த தமிழ்மொழியின் வரலாற்றில் குமரிநாடு என்னும் பெயரை ஆண்டார். அதன்பின் இரு ஓடைகளும் ஒன்றாய்க் கலந்தன.

ஈண்டுக் குறிக்கத்தக்கது ஒன்றுண்டு. பிளான்ஃபோர்டு தாமே அந்நிலம் மயோசீன் ஊழியின் இறுதியில் மறைந்ததாகக் கூறினார். கண்டம் தமிழ்நூல்களுக்கு வந்தது. அதன் காலம் வரவில்லை. மேற்கோளில் ஒரு சொல்லை விடுத்து எடுத்தாள்வதை நம் துறையில் யாம் பொறுப்பதில்லை. நிலநூல் மேற்கோளில் மட்டும் பல இலட்சம் ஆண்டுகளை விடுத்தமைக்கு ஏற்ற காரணம் யாதும் இல்லை.

மூழ்கிய கண்டத்திற்கான தேவையும் பின்னர் நீங்கிற்று. கண்டப் பெயர்ச்சிக் கொள்கையை வேகனர் 1912இல் வெளியிட்டார்; கடலடித் தளம் விரிவடைவது 1960களில் மெய்ப்பிக்கப்பட்டது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஆப்பிரிக்காவும் ஒன்றாயிருந்து பிரிந்தன. மடகாஸ்கர் நம்மிடமிருந்து பிரிந்தது ஏறத்தாழ 8 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், அதாவது திருச்சிராப்பள்ளித் தொகுதி படிந்துகொண்டிருந்த காலத்தில். அரியலூர்க் கடல் நேட்டாலுக்கு அண்மையிலிருந்தமையால் சிப்பிகள் ஒத்தன. இடையே நிலம் மூழ்கவில்லை, கடல் அகன்றது. மொரீசியசுத் தீவின் அடியில் பழங்கண்டத் துணுக்கு ஒன்று இருத்தற்குரிய சான்று 2013இல் வெளியானபோது, குமரிக்கண்டம் கிடைத்துவிட்டதாக மகிழ்ந்தோர் உளர். அத்துணுக்கும் இப்பிரிவின்போது சிதறியதே. மாந்தர் தோற்றத்திற்கு மிக முற்பட்டது.

அவ்வாறாயின் கடல்கோட் செய்தி முழுதும் புனைவோ எனின், அவ்வாறு கூறவும் இக்கற்களுக்கு உரிமையில்லை. அதற்குரிய காலமும் களமும் வேறு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழியின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணை அன்று நிலம். குமரிமுனைக்குத் தெற்கிலும் கரை சற்றுத் தள்ளியிருந்தது. பனி உருகக் கடல் ஏறி, 7,000 ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ இன்றைய மட்டத்தை அணுகிற்று. இழந்தது கரையோர நிலம், கண்டமன்று. அதன் பின்னரும் புயலாலும் ஆழிப்பேரலையாலும் பட்டினங்கள் அழிதல் உண்டு. 2004இல் நாமே அதனைக் கண்டோம். கடல்கோளை மெய்ப்பிக்க விரும்புவோர் நாட வேண்டியது கரையோரக் கடலடியையே. கல்லங்குறிச்சிக் குழியை அன்று.

நூற்சான்றை வரையறுக்கும் பணி நிலநூலாருடையதன்று, நம்முடையது. இறையனார் அகப்பொருள் உரை, மதுரையும் கபாடபுரமும் கடல்கொள்ளப்பட்டமையைக் கூறுகின்றது. இழந்த நிலத்தின் அளவைக் கூறவில்லை. அதற்குப் பிற்பட்ட அடியார்க்குநல்லார் உரையில் பஃறுளிக்கும் குமரிக்கும் இடையே 700 காவதமும் 49 நாடுகளும் இடம்பெறுகின்றன. கலித்தொகையிலும் சிலப்பதிகாரத்திலும் கடல் நிலத்தைக் கொண்ட குறிப்பு உண்டு; இவ்வெண்கள் இல்லை. எண்ணில்லாத செய்தி எவ்வுரையில், எக்காலத்தில், யாது காரணம் பற்றி எண் பெற்றது என்பதை உரைகளின் கால வரிசையில் வைத்துத் தனிக்கட்டுரையில் ஆராயக் கருதியுள்ளோம்.