பொதுப் பந்திக்கு உள்ளூர்த் தானியம்: ஜஹீராபாத் பெண்களின் தானிய நிதி இயங்கியது எப்படி?

ஹைதராபாத்: பள்ளி மதிய உணவு, கோயில் அன்னதானம், மாநகராட்சி உணவகம் எனப் பலர் கூடி உண்ணும் இடங்களில் அருகிலுள்ள வயல்களின் விளைச்சலைப் பயன்படுத்த வேண்டும் என்ற கோரிக்கை பரவலாக எழுந்து வருகிறது. ஆனால், நாள்தோறும் நூற்றுக்கணக்கானோருக்கு உணவளிக்கத் தேவையான தானியத்தைச் சிறு உழவர்களால் தவறாமல் தர இயலுமா? ஹைதராபாத்துக்கு மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஜஹீராபாத் வட்டாரப் பெண்கள் 30 ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு விடை கண்டனர்.

தரிசாகிப் போன சோள நிலம்

ஜஹீராபாத் வட்டாரம் முன்பு மேடக் மாவட்டத்தில் இருந்தது. 2016 முதல் அது தெலங்கானாவின் சங்காரெட்டி மாவட்டத்தில் உள்ளது. மானாவாரி நிலமே மிகுந்த இப்பகுதியில் சோளமும் துவரையும் தினையும் கலந்து பயிரிடப்பட்டன. 1983-இல் அன்றைய ஆந்திரப் பிரதேச அரசு கிலோ 2 ரூபாய்க்கு அரிசி வழங்கத் தொடங்கியது. பசியைத் தணித்த அத்திட்டத்துக்கு மறுபக்கமும் இருந்தது. பாசனப் பகுதிகளில் விளைந்த அரிசி மலிவாகக் கிடைத்ததால், பாடுபட்டுச் சோளம் விளைவிக்கும் ஊக்கம் குறைந்தது. சிறு உழவர்களின் நிலங்கள் பல தரிசாகக் கிடந்தன.

அதே 1983-இல் தோன்றிய தக்காண மேம்பாட்டுச் சங்கம், பெரும்பாலும் தலித் பெண்களைக் கொண்ட ஊர்ச் சங்கங்களை அமைத்தது. ரேஷன் கடைக்கு வேண்டிய தானியத்தை ஊரிலேயே விளைவித்து, ஊரிலேயே சேமித்து, ஊராருக்கே விற்றால் என்ன என்ற கேள்வியை இச்சங்கங்கள் எழுப்பின. மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் உதவியுடன் 1990-களின் நடுப்பகுதியில் தொடங்கிய சமூகத் தானிய நிதி, அக்கேள்வியின் விளைவாகும்.

கடன் பணமாக, அடைப்பது தானியமாக

இத்திட்டத்தில் தரிசு நிலம் வைத்திருந்த சிறு உழவர்களுக்கு உழவு, எரு, விதை ஆகியவற்றுக்காக முன்பணம் கடனாக வழங்கப்பட்டது. அக்கடனை அவர்கள் சில ஆண்டுகளில் பணமாக அன்றிச் சோளமாகவே திருப்பிச் செலுத்தினர். அறுவடைக் காலத்தில் விலை சரிந்தாலும் விற்கும் இடம் உறுதியாக இருந்தது. சேர்ந்த தானியம் கிராமத்திலேயே சேமிக்கப்பட்டு, உணவுத் தட்டுப்பாடு நிலவும் மாதங்களில் குறைந்த விலைக்கு ஏழைகளுக்கு விற்கப்பட்டது. விற்ற பணம் நிதியில் சேர்ந்து, மீண்டும் கடனாகச் சுழன்றது.

யாருக்கு எவ்வளவு தானியம் என்பதை அதிகாரிகள் முடிவு செய்யவில்லை. ஊர் மக்கள் ஒன்றுகூடி, வீடுகளைக் குறிக்கும் வரைபடம் வரைந்து, ஒவ்வொரு குடும்பத்தின் நிலையையும் வெளிப்படையாகப் பேசித் தரம் பிரித்தனர். வறுமை மிகுந்த வீட்டுக்குக் கூடுதல் அளவு கிடைத்தது.

30-க்கும் மேற்பட்ட கிராமங்களில் 2,600 ஏக்கருக்கும் அதிகமான நிலம் மீண்டும் உழவுக்கு வந்ததாகவும், முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 8 லட்சம் கிலோ சோளம் கூடுதலாக விளைந்ததாகவும் சங்கத்தின் பதிவுகள் கூறுகின்றன. கால்நடைத் தீவனமும் கூலி வேலையும் இதனுடன் பெருகின. 2019-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது இச்சங்கத்துக்கு வழங்கப்பட்டது.

500 பேருக்கு எத்தனை ஏக்கர்?

மேற்கண்ட கணக்கின்படி ஏக்கருக்குச் சுமார் 300 கிலோ சோளம் கிடைத்திருக்கிறது. ஒருவருக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் தானியம் என வைத்துக்கொண்டால், 500 பேருக்கு நாளொன்றுக்கு 50 கிலோ தேவை. ஆண்டில் 300 நாட்களுக்கு 15,000 கிலோ. இதற்கு 50 ஏக்கர் மானாவாரி நிலம் போதும். அதாவது தலா 2 ஏக்கர் வைத்துள்ள 25 குடும்பங்கள், ஒரு பொதுச் சமையற்கூடத்தின் ஓராண்டுத் தானியத் தேவையை நிறைவேற்ற முடியும்.

சத்து நோக்கிலும் இது பயனுள்ளது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையின்படி, 100 கிராம் சோளத்தில் சுமார் 4 மில்லிகிராம் இரும்புச்சத்து உள்ளது. தீட்டிய பச்சரிசியில் இது 1 மில்லிகிராமுக்கும் குறைவு. சோளத்தின் நார்ச்சத்தும் அரிசியினுடையதைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

இடையில் நிற்கும் அரைவை ஆலை

விளைச்சல் இருந்தும் பல முயற்சிகள் தடுமாறுவது பதப்படுத்தும் கட்டத்தில்தான். சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவற்றைத் தூய்மை செய்து நேரடியாக அரைக்கலாம். தினை, சாமை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றுக்கு உமி நீக்கும் இயந்திரம் தேவை. அது அருகில் இல்லையெனில் தானியம் தொலைதூர ஆலைக்குச் சென்று, கூடுதல் விலையுடன் திரும்புகிறது. கொழுப்பு மிகுந்த கம்பு மாவு விரைவில் சிக்கு வாடை அடிப்பதால், சமைக்கும் இடத்துக்கு அருகிலேயே அவ்வப்போது அரைப்பது இன்றியமையாதது.

காய்கறிகளின் நிலை வேறு. 1999 ஜனவரியில் தொடங்கப்பட்ட ரைத்து பஜார்களில் உழவர்கள் நேரடியாக விற்கின்றனர். ஹைதராபாத்தில் மெஹதிப்பட்டினம், எர்ரகட்டா உள்ளிட்ட இடங்களில் இவை இயங்குகின்றன. அதே ஆண்டு நவம்பரில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை மதுரையில் திறக்கப்பட்டது. எனினும், சந்தையில் அன்றன்று கிடைப்பதை வாங்குவதும், ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டியே பேசி வைப்பதும் ஒன்றல்ல. மேலும், பருவத்துக்குப் பருவம் காய்கள் மாறும் என்பதால், உணவுப் பட்டியலும் அதற்கேற்ப மாற வேண்டியிருக்கும்.

முன்பணமும் முன்னுறுதியும்

ஹைதராபாத் மாநகராட்சி 2014 முதல் 5 ரூபாய்க்கு உணவு வழங்கி வருகிறது. தமிழகத்தில் 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், வாரத்தில் இரு நாட்களாவது உள்ளூர்ச் சிறுதானிய உணவு வழங்க வழிகாட்டுகிறது. இத்தகைய திட்டங்களுக்கு ஜஹீராபாத் அனுபவம் சொல்வது எளிமையானது: அறுவடைக்குப் பின் ஒப்பந்தப்புள்ளி கோருவதால் மட்டும் உள்ளூர் உணவு வந்துவிடாது. விதைப்புக்கு முன்பே எவ்வளவு வாங்கப்படும், என்ன விலை, எப்போது பணம் என்பது உழவருக்குத் தெரிய வேண்டும். சேமிப்புக் கிடங்கும் அரைவை ஆலையும் அருகில் அமைய வேண்டும்.

மலிவான உணவை உண்பவரும் ஏழை, அதற்கான தானியத்தை விளைவிப்பவரும் ஏழை. ஒருவருக்கு விலை குறைப்பதற்காக மற்றவரின் வருவாயைக் குறைக்க வேண்டியதில்லை என்பதை அந்தத் தானிய நிதி காட்டியது.